மதினி சேர்த்த ஒரு ‘நா’

மதினியின் தாலிச் சங்கிலியில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு ஊக்குகள் தொங்கும். நம் பெண்கள் அவசரத்துக்கு ஒன்றிரண்டு மாட்டி வைத்திருப்பது வழக்கம்தான். மதினிக்கு அது தொழில். சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரிசையாக மாட்டியிருப்பாள். பேசிக்கொண்டே இருப்பாள், விரல் தானாகப் போய் வேண்டிய அளவு ஊக்கைக் கழற்றி எடுத்துவிடும். டாலிகஞ்சில் ஒரு ஸ்டுடியோவில், வங்காளி சீரியல் நடிகைகளுக்குப் புடவை கட்டிவிடுகிற வேலை. கல்யாணமாகி வந்த பிறகுதான் கல்கத்தாவையே பார்த்த திருநெல்வேலிக்காரி, வங்காளத்து மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் அவர்கள் பாணியிலேயே புடவை கட்டிவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. ஒரு நாள் டி.வி.யைக் காட்டி, “அந்தா அழுதுக்கிட்டு இருக்காள்லா, அவ முந்தானைய நான்தான் போட்டேன். எவ்வளவு அழுதாலும் நழுவாது, பாத்துக்கிடுங்க” என்றாள். அந்த அம்மாள் விளம்பரங்கள் போக முழு இருபது நிமிடம் அழுதாள். முந்தானை அசையவில்லை.

எங்கள் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் குமாஸ்தாவாக வந்தவர். அவருக்குப் பிறகு எல்லோரும் ஏதாவது ஓர் ஆபீஸ் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தோம். நான் டல்ஹௌசிப் பக்கம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். எனக்குத் தமிழைவிட வங்காளி சரளம், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அண்ணன் ஒரு தனியார் கம்பெனியில் இருந்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டு டப்பாவோடு போனவன், கேட்டில் பூட்டும் நோட்டீஸும் தொங்குகிறது என்று பதினொரு மணிக்கு அதே டப்பாவோடு திரும்பி வந்தான். திறக்காத அந்த டப்பாவிலிருந்த புளியோதரையை, சாயங்காலம் ஆபீஸ் விட்டு நானும் போய்ச் சேர்ந்த பிறகு, நாலு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்ததெல்லாம் பாதிச் சம்பளத்துக் கடை வேலைதான். அப்போதுதான் மதினி வெளியே கிளம்பினாள். பெஹாலாவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு தீதி இருந்தார், தீதி என்றால் அக்கா, நடிகைகளுக்குத் தலை அலங்காரம் செய்பவர். அவர்தான் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார வைத்து மதினியை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்.

முதல் நாள் நடந்ததை மதினி எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரு பணக்காரக் குடும்பத்து மாமியாருக்கு, நாம் கட்டுகிற மாதிரி எட்டுக் கொசுவம் வைத்து, மடிப்புக் கலையாமல் கட்டி அனுப்பிவிட்டாள். அந்த வீட்டில் பூஜை நடக்கிறது, மாமியார் கொசுவமே இல்லாத பழைய வங்காளக் கட்டோடு, சாவிக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வரவேண்டும். ஷூட்டிங் ஃப்ளோரே கத்தியதாம். பத்தே நாளில் மதினி அந்தக் கட்டைக் கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்தில், நேற்று எடுத்த காட்சியில் முந்தானை எந்த மடிப்பில் இருந்தது என்று போட்டோவைப் பார்க்காமல் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஃப்ளோரில் எல்லோரும் அவளை ‘பௌதி’ என்றார்கள். பௌதி என்றால் வேறொன்றுமில்லை, மதினிதான். எனக்கு மட்டும் மதினியாக இருந்தவள் லைட்மேனுக்கு, கேமராமேனுக்கு, டீ கொண்டுவருகிறவருக்கு என்று நாற்பது ஐம்பது பேருக்கு மதினியாகிவிட்டாள். அதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்!

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஏழு மணிவரைதான். ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வரும், நாளைக்கு யார் யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று. அதற்கு அவர்கள் பாஷையில் ‘கால்’ என்று பெயர். கால் வந்தால் கூலி. வராவிட்டால் இல்லை. ஆறரை மணியிலிருந்தே போனை ஃப்ரிட்ஜ் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, சப்பாத்தி மாவைப் பிசைந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் நான் போனால் “வாங்க தம்பி” என்பாள், கண் மட்டும் என் பக்கம் திரும்பாது. அந்தக் கம்பெனி சின்னக் கம்பெனி. ஆட்களை எந்தச் சங்கத்திலும் சேரவிடாமல் நாள் கூலிக்கே ஓட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் வேலை பார்த்தும் மதினியிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காய்ச்சலோடு ஒரு நாள் போய், கை நடுங்கி, ஊக்கு ஒரு நடிகையின் இடுப்பில் குத்திவிட்டது. வாங்கிய திட்டை வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். லீவு போட்டிருக்கலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்!

அந்த ஆறாவது வருடம் சீரியலில் ஒரு கல்யாணம் வந்தது. சீரியல் கல்யாணம் என்றால் பதினைந்து நாள் நடக்கும். பத்துப் பதினைந்து பெண்கள், எல்லோருக்கும் கனமான பனாரஸ். மதினி கையில் மூன்று புடவைகளை அடுக்கிக்கொண்டு மணமேடைப் பக்கம் ஓடியிருக்கிறாள். ஜமக்காளத்துக்குக் கீழே யாரோ ஒயரை ஓட்டியிருந்தார்கள். கால் தடுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மறுநாள் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஆப்பிள், சந்தேஷ் மிட்டாய் டப்பா. அவரை எல்லோரும் மேனேஜர்-தா, அதாவது மேனேஜர் அண்ணன், என்பார்கள். வாய் நிறையப் பேசுகிற மனிதர். “சீக்கிரம் குணமாகி வாங்க பௌதி. நீங்க எங்களுக்குக் கொரேர் லோக்” என்றார். கொரேர் லோக் என்றால் வீட்டு மனுஷி. அவர் போனபிறகு மதினி முகத்தில் அப்படி ஒரு பெருமை. “பாத்தியளா தம்பி, வீட்டு மனுசின்னு சொல்லிட்டுப் போறாரு!” ஆப்பிள் நாலு நாளில் தீர்ந்தது. சந்தேஷை அண்ணன் மகள் மறுநாளே முடித்துவிட்டாள். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. ஏழு மணிக்குப் போன் ஃப்ரிட்ஜ் மேல் சும்மா நின்றது. தீதி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மதினி இடத்தில் வேறொரு பெண்ணைப் போட்டாயிற்று. விழுந்த நாளுக்கே கூட முழுக்கூலி இல்லையாம், பாதி நாள்தானே வேலை பார்த்தாள் என்றார்களாம். அண்ணனுடைய பாதிச் சம்பளம் வாடகைக்கே சரியாக இருந்தது. மகள் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு நடந்து போக ஆரம்பித்தாள். மதினிக்கு வேண்டியது இரண்டே இரண்டு. கை கூடுகிறவரை கூலி. கை கூடினதும் அதே வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். மதினி கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் வாங்கி வைத்தாள். “உங்ககிட்ட வாங்க எனக்கு என்ன வெக்கம்? ஆனா அந்தாளு தரணும்லா தம்பி? அவுக வேலைலதான விழுந்தேன்?” என்றாள். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மனுஷத் தோரணையில், “அதெல்லாம் நிரந்தர வேலைக்காரங்களுக்குத்தான் மதினி. அதுக்குப் பரீட்சை எழுதி உள்ள வரணும். நான் அப்படித்தானே வந்தேன்” என்றேன். மதினி மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். “பரீச்ச எழுதாதவளுக்குக் கை ஒடியாதா தம்பி?”

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான், சிரிக்கத்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியோடு சண்டை போட்டேன். எனக்கு மெடிக்கல் லீவு உண்டு, முழுச் சம்பளத்தோடு. அதை நான் எதற்கெல்லாம் எடுத்திருக்கிறேன்? ஈடன் தோட்டத்தில் கிரிக்கெட் பார்க்க எடுத்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை ஹௌராவில் வண்டி ஏற்றிவிட எடுத்திருக்கிறேன். உண்மையாக உடம்பு சரியில்லாமல் எடுத்தது குறைவு. சும்மா இருக்கிறவனுக்குக் கூலி கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று எங்கள் அலுவலகத்தில் டீ குடித்தபடி ஊரையே திட்டுகிறோம். கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு. அதனால் நான் கொஞ்சம் சோம்பேறிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லி என் லீவை யாரும் பிடுங்கவில்லையே! காய்ச்சலோடு ஓடி ஊக்குக் குத்தினவளிடம்தான் சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பேசுகிறோம். அன்றைக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கின் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அதற்குப் பரிகாரமாகத்தான் மதினிக்கு ஒரு மேடைப்பேச்சை எழுதிக் கொடுத்தேன். தீதி சும்மா இருக்கவில்லை. மதினி விழுந்ததைப் பார்த்தவர்களை எல்லாம் கூட்டிப் பேசி, வருகிற புதன்கிழமை மதிய இடைவேளையில் எல்லோரும் ஸ்டுடியோ முற்றத்தில் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். மேனேஜரும் வருவார், பேசுவார். பௌதியும் இரண்டு வார்த்தை பேசவேண்டும். மதினியின் வங்காளி காய்கறிச் சந்தை வங்காளி, புடவை வங்காளி. கத்திரிக்காய் சொத்தை என்று சண்டை போடுவாள், முந்தானை நீளம் குறைவு என்று சொல்லிவிடுவாள். மேடைப்பேச்சு வராது. “நீங்கதான் எழுதித் தரணும் தம்பி, தமிழ் எழுத்துல எழுதுங்க” என்றாள். எழுதினேன் பாருங்கள் ஒரு பேச்சு! நாலே வரி, ஆனால் இடி மாதிரி. கடைசி வரி, ‘ஆம்ரா அதிகார் சாய்’. எங்களுக்கு உரிமை வேண்டும் என்று அர்த்தம். வங்காளியில் அந்தச் சொல்லை எழுதும்போது நம் அகரம்தான் வரும், வாய் மட்டும் ‘ஒதிகார்’ என்று குவியும். படித்த திமிர், எழுத்துக்கு எழுத்து மாற்றி ‘அதிகார்’ என்றே எழுதி வைத்தேன். என் கர்வம் செய்த வேலை இதுதான்.

புதன்கிழமை காலையில் என் அதிகாரிக்கு, வயிற்று வலி, மெடிக்கல் லீவு என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு டாலிகஞ்சுக்குப் போனேன். முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் உடைந்த கோயில் தூண், இன்னொரு பக்கம் தெர்மாகோல் சிங்கம். நடுவில் ஒரு மைக். சீரியலின் அழுகை மாமியார்கூட வெளியே வந்து நின்றார், ஊக்குப் போட ஆளில்லாததால் முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு. மேனேஜர்-தா முதலில் பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் சட்டம் பேசுவார்களா, பௌதிக்கு நாமே ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம், முதலில் நான் போடுகிறேன் என்று ஓர் அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். ஜனங்களுக்கு மனசு இளகிவிட்டது. பாக்கெட்டில் கைவிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அடிவயிற்றில் உண்மையாகவே வலித்தது. பெட்டி நிறைந்தால் கதை முடிந்தது, மதினிக்கு ஒரு தடவை தர்மம், வேலை அந்தப் புதுப்பெண்ணுக்கு.

மதினி எழுந்தாள். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை, கழுத்தில் தொட்டிலாகத் தொங்கும் மாவுக்கட்டுக் கை, இடது கையில் என் காகிதம். முதல் மூன்று வரியை நன்றாகவே படித்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், என் பேச்சல்லவா! நாலாவது வரிக்கு வந்தாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு குரலை உயர்த்தி, கூட்டம் முழுவதும் கேட்கும்படி, “ஆம்ரா அதிகார் சாய் நா!” என்றாள்.

‘நா’ என்றால் வங்காளியில் இல்லை. எங்களுக்கு உரிமை வேண்டாம் என்று மைக்கில் அறிவித்துவிட்டாள் மதினி!

தீதி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். மேனேஜர்-தாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. கைதட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். “கேட்டீங்களா? பௌதியே சொல்லிட்டாங்க, உரிமை கிரிமை எல்லாம் வேண்டாம்னு!” எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகார் என்று நான் எழுதினதை மதினி தமிழாக வாசித்திருக்கிறாள். அதிகாரம் வேண்டும் என்று கேட்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஊர்வலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கமாட்டாளா என்று பிற்பாடு விசாரித்தேன். கேட்டிருக்கிறாளாம், “கட்சிக்காரங்க அதிகாரத்துக்குத்தான போறாக, அதத்தான் கேக்காகன்னு நெனச்சேன்” என்றாள். கொழுந்தன் உற்சாகம் மிஞ்சி ஏதோ அதிகப்படியாக எழுதிவிட்டான், நாம் அங்கே போய் அதிகாரம் பண்ணவா போகிறோம் என்று, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, ஒரு ‘நா’ சேர்த்திருக்கிறாள்!

வெட்கம் பார்த்தால் ஆகுமா? கூட்டத்தின் பின்னாலிருந்து, டாலிகஞ்ச் ஸ்டுடியோவின் நடு முற்றத்தில், நல்ல தமிழில் கத்தினேன். “மதினி! அதிகாரம் இல்ல! உரிமை, உரிமை! இங்க அதிகார்னா உரிமை!” ஐம்பது தலைகள் என் பக்கம் திரும்பின. மதினி மைக்கை விடாமலே, அதே தமிழில், “அத மொதல்லயே எழுதித் தொலைக்கக் கூடாதா?” என்றாள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு மதினி கொழுந்தனைத் திட்டுகிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. குபீரென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மேனேஜரின் கைதட்டல் அமுங்கிப்போயிற்று.

மதினி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். இனிமேல் அவளுடைய சந்தை வங்காளிதான். அவள் பேசினதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும். “எங்க பாஷைல அதிகாரம்னா நாற்காலில உக்காந்து சத்தம் போடுதது. அது எனக்கு வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேக்கது வேற. ஆறு வருசமா என்னைய பௌதி, பௌதின்னு கூப்பிடுதீங்க. வீட்டு மனுசிங்கிறீங்க. உங்க வீட்டுல பௌதிக்குக் கை ஒடிஞ்சா, இன்னைக்கு நீ சமைக்கல, உனக்குச் சோறு கெடையாதுன்னு சொல்லுவீங்களா? பெட்டி வச்சு வசூல் பண்ணியா அவளுக்குச் சோறு போடுவீங்க? அவ கேக்கவே வேண்டாமே, தட்டு தன்னால வருமே!” பிறகு மாவுக்கட்டுக் கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டி, மேனேஜரைப் பார்த்து ஒன்று கேட்டாள். “ஹாத் பாங்லே பாத் பொந்தோ?”

கை ஒடிந்தால் சோறு நின்றுபோகுமா என்றுதான் கேட்டாள். எதுகை மோனை பார்த்துப் பேசவில்லை, வங்காளியில் கைக்கு ஹாத், சோற்றுக்கு பாத், அதுவாக அமைந்துவிட்டது. ஏணியில் உட்கார்ந்திருந்த ஒரு லைட்மேன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மூன்றாவது தடவை ஏணி ஆசாமி முஷ்டியை உயர்த்தி, “ஹாத் பாங்லே பாத் பொந்தோ!” என்று முழங்க, முற்றம் முழுவதும், “சோல்பே நா! சோல்பே நா!” என்று திருப்பிக் கொடுத்தது. நடக்காது, நடக்காது! கல்கத்தாவில் பிறந்தவனுக்கு அந்த ‘சோல்பே நா’ ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வருகிற வரி எங்கள் மதினியுடையது என்பதை நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அழுகை மாமியாரும் ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஞாபகம் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லாத நான், முழுச் சம்பளத்தோடு மெடிக்கல் லீவில் நின்றுகொண்டு, கை ஒடிந்தவளுக்குக் கூலி கேட்கிறேன். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது, இன்னும் பலமாகக் கத்தினேன்.

அன்று ஜெயித்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் முழுதாக ஜெயித்தோம் என்று சொன்னால் அது கதை விடுவதாகும். அந்தச் சீரியல் அதற்குப் பிறகு எட்டு மாதம்தான் ஓடியது. பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டார்கள். சீரியலோடு அந்தக் கம்பெனி கொடுத்த வாக்கும் போயிற்று. அடுத்த கம்பெனியில் மதினி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள், ஏழு மணிக்குப் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக்கொண்டு. இதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நடிகை நன்றாக அழுதால் இருப்பதும் அழாவிட்டால் போவதும் உரிமை ஆகுமா? பேச உரிமை, ஓட்டுப் போட உரிமை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிவைத்து மார்க் வாங்கினேன். மதினிக்கும் அவை எல்லாம் இருந்தன. ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது ஜமக்காளத்துக்கு அடியில் ஒயர் ஓடுகிறது என்று அவள் வாய் திறந்து சொன்னாளா? சொன்னால் நாளைக்குக் கால் வராது. நாளைக்குச் சோறு உண்டா என்று தெரியாதவளுக்கு மற்ற உரிமைகளை எல்லாம் கொடுத்து என்ன செய்ய? வாழ்க்கைக்குத் தேவையான அந்தக் குறைந்தபட்ச நிச்சயம்தான் முதல் உரிமையாக இருக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்று நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடுகிறேன். எங்கிருந்து கொடுப்பது என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். எனக்குக் கொடுக்கும்போது ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்கிறேன். நான் போனாலே இப்போது டீ மேஜையில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

மதினியும் அண்ணனும் போன வருடம் மகளோடு ஹைதராபாத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடுகிறாளாம். தெலுங்கு சந்தையளவுக்கு வந்துவிட்டது என்கிறாள். ஆளில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சப்பென்று இருக்கின்றன. அப்போதெல்லாம் அந்தப் புதன்கிழமை பிற்பகலின் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மேனேஜர்-தா உள்ளே போய் முதலாளியிடம் போனில் பேசிவிட்டு அரை மணியில் திரும்பி வந்தார். முகம் வியர்த்திருந்தது. ஃப்ளோரில் அடிபடுகிற யாருக்கானாலும், டாக்டர் சரி என்று சொல்லுகிறவரை தினக்கூலி உண்டு, அதே வேலையும் உண்டு. முதலாளி சம்மதித்துவிட்டார் என்றார். தீதி விடவில்லை, எழுதிக் கொடுங்கள் என்றார். கம்பெனி பெயர் போட்ட தாள் வந்தது. எல்லோரும் மேஜையைச் சுற்றி மொய்த்துக்கொண்டோம். மேனேஜர் வேகமாக எழுதிக்கொண்டே வந்து, ஆளின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். பௌதி என்று எழுத முடியாதே. தீதியைப் பார்த்தார். தீதி உதட்டைப் பிதுக்கினார், அவருக்கும் பௌதிதான். என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த அந்தப் பெயர் எனக்கும் சட்டென்று வாயில் வரவில்லை. பதினைந்து வருடமாக மதினி, மதினி என்றே கூப்பிட்டுச் சாப்பிட்ட வாய்.

கடைசியில் மேனேஜர் தயங்கித் தயங்கி அவளிடமே கேட்டார். “பௌதி, உங்க பாலோ நாம்?” வங்காளிகள் முழுப்பெயரை அப்படித்தான் கேட்பார்கள், நல்ல பெயர் என்ன என்று. இந்தத் தடவை மதினிக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது.

“நல்ல பேரு ஆறு வருசமா எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. என் பேரு என்னன்னு இன்னைக்குத்தான் கேக்காக.”

அவள் சொல்லி அவர் எழுதவில்லை. பேனாவை இடது கையில் வாங்கி, தாளை முழங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைத் தமிழில், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, கோணலாக, பெரிதாக எழுதினாள். அந்தத் தாளில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்து.